படிக்காத அட்டை

ஒரு ஊசி குறைந்தது.

மேஜைக்கு எடுத்தது பன்னிரண்டு தையல் ஊசி. எண்ணினால் பதினொன்றுதான் இருந்தது. நோயாளியின் விலாவில் போட்ட மூன்று துளைகளில் இரண்டைத் தைத்தாகிவிட்டது. மூன்றாவதில் பெரிய டாக்டர் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன சிஸ்டர், சரியா?"

"ஒரு நிமிஷம் டாக்டர்," என்று மறுபடி எண்ணினாள் அவள். மறுபடியும் பதினொன்று.

அந்தத் தியேட்டரில் அவளுக்குக் கணக்கு சிஸ்டர் என்று பேர். பதினாறு வருஷமாக அறுவை சிகிச்சைக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிறவள். உள்ளே போன துணி, பஞ்சு, ஊசி எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. அவள் 'சரி' என்று சொல்லாமல் பெரிய டாக்டர் கடைசித் தையலைப் போட்டதே கிடையாது. பதினாறு வருஷத்தில் அவள் கணக்கு ஒரு தடவைகூடப் பிசகினதில்லை.

"படக்காரரே, ஒரு படம் எடுத்துடுங்க. உள்ள விழுந்திருக்கான்னு பாத்துடலாம்."

படக்காரர் என்பது எக்ஸ்ரே டெக்னீஷியன். கணக்கு சிஸ்டரின் புருஷன். வளைந்த கை மாதிரி இருக்கும் மெஷினை மேஜைக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்தார். அன்று காலையிலிருந்து படம் எடுக்கிற மிதியை அவர் கால் ஐம்பது தடவையாவது அழுத்தியிருக்கும். இப்போது இன்னும் இரண்டு தடவை. தலைமாட்டில் நின்றவர் நோயாளியின் மூச்சைப் பிடித்து நிறுத்த, படம் திரையில் விழுந்தது. நெஞ்சுக்குள் ஊசி இல்லை.

"சிஸ்டர்," என்றார் தலைமாட்டில் நின்றவர். மயக்க மருந்துப் பிரிவின் டெக்னீஷியன், மூச்சுக்காரர் என்று கூப்பிடுவார்கள். "கோபிச்சுக்காதீங்க. உங்க தட்டுல, பச்சைத் துணி மேல, உங்க கைக்கு நேர் எதிர்க்க ஒண்ணு படுத்துக்கிட்டு என்னைப் பாத்துக் கண்ணடிக்குது."

இருந்தது. ஒரு சாண் தூரத்தில், விளக்குக்கு அடியில், பளபளவென்று.

மூச்சுக்காரர் வாயைத் திறந்தால் தியேட்டரே சிரிக்கும். அன்று யாரும் சிரிக்கவில்லை. கணக்கு சிஸ்டர் விரலால் தடவித்தான் அந்த ஊசியை எடுத்தாள். அப்படி எடுத்ததைப் படக்காரர் பார்த்தார். 

*

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட அறுவை சிகிச்சை கிடையாது. அப்போதெல்லாம் நுரையீரலில் கட்டி என்றால் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்த பிறகுதான் தெரியவரும். இப்போது ஸ்கேன், பட்டாணி அளவிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பட்டாணி கையில் அகப்படாது. துளை போட்டு உள்ளே போகிற கருவியாலும் தொட்டு உணர முடியாது. அதனால் முதலில் படம் எடுத்து எடுத்து, அந்தப் பட்டாணியின் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பியை நட்டுவைக்க வேண்டும். அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள்.

கம்பி ஒரே குத்தில் போய் உட்கார்ந்தால் படம் குறையும். பெரிய டாக்டருக்கு அது லேசில் உட்காராது. "இன்னொண்ணு... இன்னும் ஒண்ணு... கொஞ்சம் சாய்ச்சு இன்னொண்ணு," என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு படத்துக்கும் நோயாளி உடம்பில் பட்டுச் சிதறுகிற கதிர் பக்கத்தில் நிற்பவர்கள் மேல் தெறிக்கும். நோயாளிக்கு ஒரு நாள் கூத்து. நிற்பவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள், வருஷம் பூராவும்.

உடம்புக்கு ஈய அங்கி உண்டு. முகத்துக்கு ஒன்றும் கிடையாது. ஈயக் கண்ணாடி ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் பெரிய டாக்டர் போட்டுக்கொள்வார். படக்காரருக்குத் தடுப்புப் பலகைக்குப் பின்னால் நிற்க இடமுண்டு. கண்ணாடி இல்லாமல் நோயாளிக்கு நெருக்கத்தில் நின்றே ஆகவேண்டியவர்கள் கணக்கு சிஸ்டரும் மூச்சுக்காரரும்தான்.

யார் மேல் எவ்வளவு பட்டது என்று கணக்கு வைக்க ஆளுக்கொரு பேட்ஜ் உண்டு. தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் ஒரு மெல்லிய அட்டை. பட்ட கதிரையெல்லாம் அட்டை பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய அட்டைகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, புது அட்டை போட வேண்டும். அங்கே சூடு காட்டிப் படித்து, அளவு சொல்வார்கள். அட்டை மாற்றும் பொறுப்பு படக்காரருடையது.

முதல் மூன்று மாதம் முடிந்ததும் அறிக்கை வந்தது. கணக்கு சிஸ்டருக்கு எல்லை தாண்டிவிட்டது. உடனே அவளை வார்டுக்கு மாற்றினார்கள். படக்காரருக்கு, 'பொறுப்பாளர் என்ன செய்துகொண்டிருந்தார்?' என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம்.

வார்டு என்றால் மாறி மாறி ஷிப்ட். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. வீடு தலைகீழானது. அவளுக்கு அதைவிடப் பெரிய குறை, தியேட்டரை விட்டு வந்தது. "தெர்மாமீட்டர் வைக்கறதுக்கா இத்தனை வருஷம் நின்னேன்?" என்று அழுதாள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்த அன்று சொன்னாள்: "இன்னொரு தடவை என்னை வெளிய அனுப்பினாங்கன்னா, நான் வேலையையே விட்டுடுவேன், சொல்லிட்டேன்."

அடுத்த முறை அட்டை மாற்றும்போதுதான் படக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். வேலையை விட்டுப் போன ஒரு நர்ஸின் அட்டை, திருப்பி அனுப்ப மறந்து, அவர் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதற்கு மேல் மனைவியின் எண்ணை எழுதி ஒட்டி, அவள் கூட்டுக்குள் செருகினார். அவளுக்கென்று வந்த புது அட்டை இழுப்பறைக்குள் போனது. மூன்று மாதம் வெயில்கூடப் படாமல் கிடந்து சோதனைக்கூடத்துக்குப் போனது. 'குறிப்பிடத்தக்க அளவு இல்லை' என்று பதில் வந்தது.

அவளுக்காகச் செய்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு விளக்கக் கடிதம் வரக்கூடாது என்ற பயமும் அதில் பாதி இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு பொய் தனியாக நடமாடாது, துணைக்கு ஆள் கேட்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு ஒன்றுமில்லை, மற்றவருக்கு ஏகப்பட்டது என்றால் சோதனைக்கூடத்துக்காரன் காதில் பூ வைத்துக்கொண்டா இருப்பான்? ஆகவே மூச்சுக்காரரின் கூட்டுக்குள்ளும் ஒரு பழைய அட்டை போனது. அவரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு மூன்று மாதமும் இதே வேலை, வந்த அறிக்கைகள் எல்லாம் சுத்தம். 'எல்லோருக்கும் அளவு குறைவாகத்தானே இருக்கிறது, இன்னும் கண்ணாடி எதற்கு?' என்று நிர்வாகம் கேட்டது. கண்ணாடி கேட்டு எழுதிய கடிதத்தைப் படக்காரர் கோப்புக்குள் வைத்து மூடினார்.

*

"சர்க்கரை இருக்கா?" என்றார் கண் டாக்டர்.

"இல்லை டாக்டர்."

"ஸ்டீராய்டு மருந்து ஏதாவது?"

"இல்லை."

"கண்ணுல அடி பட்டிருக்கா?"

"இல்லவே இல்லை. எதிர்ல வர்ற வண்டி லைட்டு மட்டும் பஞ்சு மாதிரி விரிஞ்சு தெரியுது. தியேட்டர் லைட்டுக்கு அடியில நின்னா எல்லாம் வெளுத்துப் போயிடுது."

கண் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "புரை விழுந்திருக்கும்மா. ரெண்டு கண்லயும். வயசாகி வர்றது வேற மாதிரி இருக்கும். இது லென்ஸோட முதுகுப் பக்கம் விழுந்திருக்கு. நாற்பத்தொரு வயசுல இப்படி வர்றது அபூர்வம். கதிர் இருக்கற இடத்துலயா வேலை?"

"ஆமாம் டாக்டர். படம் பாத்துக்கிட்டே செய்யற நுரையீரல் ஆபரேஷன்."

"பேட்ஜ் போடறீங்களா?"

"ஒரு நாள்கூட மறந்ததில்லை," என்றாள் அவள். சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது. "மத்தவங்க லாக்கர்ல கழட்டி வெச்சுட்டு வருவாங்க. நான் அங்கிக்கு மேல காலர்ல குத்திக்கிட்டுதான் உள்ளயே வருவேன். இவர்தான் அதுக்குப் பொறுப்பு."

படக்காரர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் வரி பெரிசு, கீழே போகப் போகச் சிறிசு. கடைசி வரிவரை அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

*

முதலில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்த மாதம் இடது. விடுப்பில் வீட்டில் இருந்தவளைப் பார்க்க அவள் அண்ணன் வந்தார். பஸ் டிரைவர். ஹாரன் அடித்துப் பழகிய மனிதர், வீட்டுக்குள்ளும் அதே சத்தம்தான்.

"என்ன மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் எலும்பு எலும்பா படம் பிடிக்கறீங்க. பக்கத்துல நிக்கற என் தங்கச்சியைப் பாக்கலையா?"

"உட்காருங்க மச்சான். டீ போடறேன்."

"டீ கிடக்கட்டும். வேலையால வந்த நோய்னு எழுதிக் குடுத்தோமே, பதில் வந்ததா இல்லையா?"

எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியதே மச்சான்தான். வந்து நின்று, தங்கை கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அவள் விரலைப் பிடித்து வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர். அதற்கு இப்போது பதில் வந்திருந்தது. மச்சான் அதைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"'மேற்படி ஊழியரின் கடந்த மூன்றாண்டுக் கதிர் அளவு அறிக்கைகளைப் பரிசீலித்ததில்...' ம்ம்... 'எந்தக் காலாண்டிலும் குறிப்பிடத்தக்க அளவு பதிவாகவில்லை. ஆகவே கண் பாதிப்புக்கும் பணிக்கும் தொடர்பு இருப்பதாகக் கொள்ள இயலாது. வரும் புதன்கிழமை குழுமுன் ஆஜராகி...' என்னய்யா இது! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறாங்க!"

படக்காரருக்குத் திருடனைத் தேள் கொட்டின கதைதான். டீயை எடுத்து வரச் சமையலறைக்குள் போனார். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"அண்ணா, கத்தாதே," என்றாள் அவள். வலது கண்மேல் துளை போட்ட பிளாஸ்டிக் மூடி. மடியில் ஒரு முறம், முறத்தில் அரிசி. கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணால் முடியாது, விரலால் அளைந்து அளைந்து. "பேட்ஜ் மனுஷன் இல்லை, பொய் சொல்றதுக்கு. அதுல ஒண்ணும் இல்லைன்னா நிஜமாவே ஒண்ணும் இல்லைன்னுதான் அர்த்தம்."

"அப்ப இந்தக் கண்ணு?"

"நம்ம அப்பாவுக்கும் சீக்கிரமே பார்வை மங்கிடுச்சு இல்ல? ரத்தத்துல இருக்கும்."

"அப்பாவுக்கு அறுபத்தி ரெண்டுடி!"

"எனக்கு நாப்பத்தொண்ணுல வந்திருக்கு. முந்திக்கிட்டேன், அவ்வளவுதான்," என்று சிரித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "நான் யோசிச்சுட்டேன் அண்ணா. அந்த மனுவை வாபஸ் வாங்கிடலாம். பதினாறு வருஷம் எல்லாருக்கும் கணக்குச் சரியா சொன்னவ நான். இல்லாத கணக்கை எழுதிக் குடுத்துக் கேக்க எனக்கு வாய் வராது. இன்னொரு கண்ணையும் முடிச்சுட்டா பெரிய டாக்டர் திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். லங் கேசுக்கு நீதான் வேணும்னு போன்லயே சொன்னார்."

"திரும்ப அதே ரூமுக்கா?"

"ஏன், என்ன? அங்க ஒண்ணும் இல்லைன்னுதான் மூணு வருஷமா எழுதி வந்திருக்கே."

படக்காரர் அப்போதுதான் டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனதை மச்சான் ஒரே மூச்சில் குடித்தார். "நீ ஆச்சு, உன் புருஷனாச்சு. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுடப்போகுது," என்று செருப்பை மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி, "மாப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"நான்... பேசறேன் மச்சான்."

மச்சான் போய்விட்டார்.

*

வெளியே தூறல் விழுந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை, கூடம் இருட்டிவிட்டது. மகள் டியூஷனிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம். அவள் அரிசியை அளைகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

படக்காரர் தப்பித்துவிட்டார். அதை அவர் உடம்பே உணர்ந்தது. மனு வாபஸ். குழு கூடாது. யாரும் எதையும் கிளறமாட்டார்கள்.  அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டிருப்பது. அவள் இடது கண்ணையும் சரி செய்துகொண்டு, காலரில் அந்தக் கூட்டைக் குத்திக்கொண்டு, அதே இடத்தில் போய் நிற்பாள். புது லென்ஸில் புரை வராது. தைராய்டுக்கும் ரத்தத்துக்கும் யார் புது லென்ஸ் வைப்பது?

அவள் பை கதவில் தொங்கியது. அதிலிருந்து பேட்ஜை எடுத்து வந்தார். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"இந்தாம்மா. கையை நீட்டு."

"என்ன?" தொட்டுப் பார்த்தாள். "என் பேட்ஜ். இதை ஏன் இப்ப எடுக்கறீங்க?"

"அதுக்குள்ள இருக்கற அட்டை உன்னுது இல்லை."

அவள் விரல் நின்றது.

அவர் சொன்னார். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. இழுப்பறை, பழைய அட்டை, ஒட்டின எண், வெயில் படாமல் போய் வந்த அட்டைகள், விளக்கக் கடிதம், அவள் வார்டில் அழுதது. நடுவில் ஒரு இடத்தில், "உனக்காகத்தான்..." என்று தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்து, அதை முடிக்காமல் விட்டார்.

அவள் அழவில்லை. கத்தவுமில்லை. முறத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு வருஷமா நான் குத்திக்கிட்டு நின்னது இதை மட்டும்தானா?"

"ஆமாம்."

"இதை யாரும் படிக்கலையா?"

"படிக்கலை. பட்டதெல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. சூடு காட்டற வரைக்கும் அநேகமா அப்படியே இருக்கும். ஒரு தடவை படிச்சுட்டா அழிஞ்சுடும்."

"படிச்சா யார் பேர்ல வரும்?"

"வேலையை விட்டுப் போன நர்ஸ் பேர்ல. இது உன்னுதுன்னு நான்தான் குழு முன்னாடி சொல்லணும்."

"சொன்னா நம்புவாங்களா?"

"பாதி நம்புவாங்க. நான் செஞ்சதை நம்புவாங்க. உனக்குப் பட்டதை நம்பறது... தெரியலை. திருடன் சாட்சிதானே."

"உங்களுக்கு?"

"வேலை போயிடும். லைசென்சும். கேஸும் போடலாம்."

தூறல் மழையாகியிருந்தது. அவள் பேட்ஜை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டாள்.

"ஒழுங்கா அட்டையைப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள்.

"அடுத்த மூணு மாசத்துலயே உன்னை வெளிய எடுத்திருப்பாங்க."

"கண்ணு இருந்திருக்கும்."

அவர் தரையில் சிந்தியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"வார்டுக்குப் போனா வேலையை விட்டுடுவேன்னு சொன்னேன். ஆமாம், சொன்னேன்," என்றாள். குரல் இப்போதுதான் உடைந்தது. "பொண்டாட்டி கோபத்துல ஆயிரம் சொல்லுவா. அதைக் கேட்டு இதைச் செய்வீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா? போடா, கண்ணு இருந்தா கஞ்சி குடிச்சுக்கலாம்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் அவரை 'போடா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னது அவளுக்குத் தெரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அவள் பேட்ஜைத் திருப்பித் திருப்பித் தடவினாள். பிறகு அவள் தலை நிமிர்ந்தது. தியேட்டரில் எண்ணிக்கை இடிக்கும்போது நிமிருமே, அப்படி.

"என் அட்டை மட்டும் சுத்தமா போனா சந்தேகம் வந்திருக்குமே. பக்கத்துல நிக்கறவருக்கு?"

படக்காரர் தலையை ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க. எனக்கு எங்க தெரியுது?"

"மூச்சுக்காரருக்கும் மாத்தினேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"லங் கேஸ் எத்தனை?"

"ரெண்டு."

"போன் போடுங்க."

"இப்பவேவா? குழு முன்னாடி நாளை மறுநாள் எல்லாத்தையும் ஒண்ணா..."

"அவர் நாளைக்குக் காலையில ஏழரைக்கு அங்கியை மாட்டிக்கிட்டு நிப்பாரு. ஐம்பது படம் எடுப்பீங்க. எடுத்துட்டு அப்புறம் சொல்லப் போறீங்களா? போடுங்க."

"நீ பேசறியா?"

"நான் என்னத்தைப் பேசறது? செஞ்சது நீங்க."

எண்ணை அழுத்தினார். அவள் சொன்னபடி ஒலிபெருக்கியில் வைத்தார். மணி நாலு தடவை அடித்தது. எடுக்காமல் இருக்கக்கூடாதா என்று ஒரு மனசு. எடுத்துவிட்டார். பின்னால் டிவி சத்தம், ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிக்கிற சத்தம்.

"அடடே, படக்காரரே! மழையில என்ன ஞாபகம்? சிஸ்டர் வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா? வாங்க வாங்க, நம்ம வீட்ல ஒரு பாய் சும்மாதான் கிடக்கு."

"இல்லப்பா... ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

படக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. போன் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பி, மூடிய கையோடு, காத்துக்கொண்டிருந்தாள்.

"உன் பேட்ஜுக்குள்ள இருக்கற அட்டை உன்னுது இல்லப்பா. மூணு வருஷமாவே இல்லை. நான்தான் மாத்திட்டேன்."

 அந்தப் பக்கம் மூச்சுக்காரர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். ஊரையே சிரிக்க வைக்கிறவரிடம் ஒருவர் முதல்முறையாக ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"சரி சரி, அப்புறம்?" என்றார், சிரிப்பு அடங்காமல். "மீதியையும் சொல்லுங்க."